மான் தீவுக்குச் சென்றிருந்தோம்

பெரிய துறைமுகம் எதுவாயினும் அதன் வாயிலில் சில தீவுகள் காவல் நிற்பதுண்டு. கப்பலில் வருவோர் நகரின் கோபுரங்களைக் காணுமுன்பே அத்தீவுகளைக் காண்பர். நகருக்குள் வாழ்வோரோ அவற்றைப் பெரும்பாலும் நினைப்பதில்லை. ஐக்கிய அமெரிக்க நாட்டின் கீழைக் கரையிலுள்ள பாஸ்டன் மாநகரின் துறைமுகத்தில் இத்தகைய தீவுகளும் தீபகற்பங்களுமாக 34 உள்ளன. 1996-ஆம் ஆண்டு முதல் அவை தேசியப் பூங்காவாகப் பேணப்பட்டு வருகின்றன.

2024-ஆம் ஆண்டுக் கோடையில், விடுமுறையில் சென்றிருந்த பங்குத்தந்தை ஒருவருக்குப் பதிலாக, அந்நகரை அடுத்த ஒரு பங்கில் ஆறு வாரம் பணியாற்றும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. ஞாயிறு திருப்பலிகள் முடிந்துவிட்டால் வார நாள்களில் அங்கே பங்குத்தந்தைக்கு நம்மூரில் உள்ள அளவு வேலை இல்லை. வரப்புச் சண்டை தீர்த்து வைக்கக்கூட எவரும் வருவதில்லை! ஆகவே தீவுகளைப் பார்த்துவிட்டு வரலாம் என்று எண்ணினோம். நம் பழைய பங்கைச் சேர்ந்த குடும்பம் ஒன்று அந்நகர்ப் புறத்தில் குடியிருக்கின்றது. மகனுக்குக் கணிப்பொறி நிறுவனத்தில் வேலை. பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து வந்திருந்த அவருடைய தாயாரும் உடன் புறப்பட்டார். கடலைக் கண்டு மூன்று மாதமாயிற்று என்பது அம்மூதாட்டியின் குறை.

இத்தீவுகள் உருவான விதம் விந்தையானது. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் அந்நிலப்பரப்பை மூடியிருந்த பெரும் பனிப்பாளங்கள் நகர்ந்தபோது, மண்ணையும் கல்லையும் தள்ளிக் குவித்துச் சிறு குன்றுகளாக்கின. முட்டையை நெடுக்காகப் பிளந்து கவிழ்த்து வைத்தது போன்ற குன்றுகள் அவை. பின்னர்ப் பனி உருகிக் கடல் உயரவே, பள்ளங்களெல்லாம் நீரில் அமிழ்ந்தன. குன்றுகளின் தலைகள் மட்டும் தீவுகளாக எஞ்சின. ஐரோப்பியர் வருமுன் அங்கு வாழ்ந்த தொல்குடியினர் கோடைதோறும் அத்தீவுகளுக்குப் படகேறிச் சென்று மீன் பிடித்தும், சிப்பி பொறுக்கியும், சோளம் விளைத்தும் வந்தனர். அவர்களுக்கு அவை கோடை வீடுகள். பின்னர் வந்தவர்களுக்கு அவை வேறு வகையில் பயன்பட்டன.

நகர்ச் சந்தடியின் நடுவிலுள்ள நீண்ட கப்பல்துறையிலிருந்து கோடை மாதங்களில் பயணிகள் படகு புறப்படுகின்றது. முதலில் நாம் இறங்கிய இடம் ஜார்ஜ் தீவு. அதன் பெரும்பகுதியை வாரன் கோட்டை நிறைத்து நிற்கின்றது. 1833-இல் தொடங்கிப் பல்லாண்டுகள் கருங்கல் அடுக்கிக் கட்டிய ஐங்கோணக் கோட்டை. பகைவர் கப்பலை நோக்கி ஒரு குண்டும் சுட நேராத கோட்டை அது. 1861-இல் அந்நாட்டின் வடபுலத்தாரும் தென்புலத்தாரும் அடிமை முறையின் பொருட்டு ஒருவரோடொருவர் போர் தொடுத்தபோது அது சிறைச்சாலையாயிற்று. தென்புலத்தின் தூதுவர் இருவரை ஆங்கிலேயக் கப்பலொன்றிலிருந்து இறக்கிக் கொணர்ந்து இங்கு அடைத்து வைத்ததால், இங்கிலாந்தோடு போர் மூளும் நிலையும் ஏற்பட்டது. போர் முடிந்தபின், தென்புல அரசின் துணைத் தலைவராயிருந்த அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ் என்பவரும் 1865-இல் மே முதல் அக்டோபர் வரை இங்கே சிறையிருந்தார். நீக்ரோ மக்களின் அடிமைத்தனமே தம் அரசின் மூலைக்கல் என்று மேடையேறி முழங்கியவர் அவர்.

அவர் இருந்த அறை எனக் காட்டப்படுவதையும் பார்த்தோம். அறையில் கணப்பு அடுப்பு இருந்தது. அவருக்குப் படிக்க நூல்களும் நாளிதழ்களும் கிடைத்தன, நாட்குறிப்பு எழுதினார், அந்நாட்குறிப்பு பின்னாளில் அச்சிலும் வந்தது. விடுதலையாகி ஊர் திரும்பியவர் தம் மாநிலத்தின் ஆளுநராகவும் ஆனார். போர்க்காலத்தில் அக்கோட்டைக்குத் தலைவராயிருந்த ஜஸ்டின் டிமிக் என்ற தளபதி கைதிகளைக் கண்ணியமாக நடத்தினார் என்று கைதிகளே சான்று பகர்ந்துள்ளனர். அக்காலத்துச் சிறைகள் பலவற்றில் கைதிகள் ஈக்கள் போல் மடிந்திருக்க, இங்கே இறந்தோர் மிகச் சிலரே. அடிமை வாணிகத்துக்காக வாளேந்தியவனையும் மனிதனாக நடத்தலாம் என்பதற்கு அத்தீவு சான்று. இதனை மறவாமல் வைத்திருங்கள். சற்றுப் பின்னர் வேண்டியிருக்கும்.

கோட்டையின் இருட்டறைகளில் கருப்பு உடை தரித்த பெண்ணொருத்தியின் ஆவி உலவுவதாகப் பிள்ளைகளுக்குக் கதை சொல்கின்றார்கள். ஆவணம் எதுவும் அதற்கு ஆதரவாயில்லை. ஆயினும் இருட்டறைக்குள் சென்ற பேரப்பிள்ளை வெகு விரைவாக வெளியே வந்ததை நாம் குறிப்பிடாமல் விட இயலாது.

கோட்டை மதில் மேல் நின்றால் கடலின் விளிம்பில் பாஸ்டன் கலங்கரை விளக்கம் தெரிகின்றது. 1716-இல் அங்கு ஏற்றிய விளக்கே அந்நாட்டின் முதல் கலங்கரை விளக்கு. 1776-இல் ஆங்கிலேயப் படையினர் வெளியேறுங்கால் அதனைத் தகர்த்தனர். இன்று நிற்பது 1783-இல் எழுந்தது. முதல் காவலர் ஜார்ஜ் வொர்திலேக் என்பவர் 1718-இல் மனைவியோடும் மகளோடும் படகு கவிழ்ந்து மாண்டார். அத்துயரத்தைப் பாட்டாக எழுதித் தெருவில் விற்ற பன்னிரண்டு வயதுச் சிறுவன், பின்னாளில் உலகறிந்த பெஞ்சமின் பிராங்க்ளின்.

மூக்குக்கண்ணாடித் தீவைப் பற்றி நீட்ட வேண்டுவதில்லை. இரு குன்றுகளை நடுவே சிறு மண்திட்டு இணைப்பதால் அப்பெயர். பெரியம்மை கண்டோரை ஒதுக்கி வைக்க 1717-இல் அங்கே ஒரு விடுதி எழுந்தது. அடுத்த நூற்றாண்டில் செத்த குதிரைகளை உருக்கும் ஆலை வந்தது. அதன்பின் நகரின் குப்பை அங்கே கொட்டப்பட்டது. நகருக்கு அடியில் பெருஞ்சாலைச் சுரங்கம் தோண்டியபோது அகழ்ந்த மண்ணைக் கொணர்ந்து அக்குப்பைமேட்டை மூடி, மரம் நட்டு, 2006-இல் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். இப்பொழுது அது அழகான இடம். கரையில் இன்னும் உடைந்த பீங்கானும் கண்ணாடிச் சில்லும் ஒதுங்குகின்றன. பேரப்பிள்ளை ஒரு கைப்பிடி பொறுக்கியது. எடுத்துச் செல்லக் கூடாது என்று பூங்காக் காவலர் அன்போடு வாங்கி மீண்டும் மணலில் இட்டார்.

நோயாளர், கைதிகள், ஏழைகள், திக்கற்ற சிறுவர், செத்த குதிரைகள், குப்பை என நகரம் தன் கண்ணில் படவேண்டாம் என்று கருதியவையெல்லாம் ஏதேனும் ஒரு தீவுக்குச் சென்று சேர்ந்தன. இவ்வரிசையில் முதலில் வந்தது எது என்று கேட்டால், மான் தீவுக்குச் செல்ல வேண்டும்.

மான் தீவுக்குப் படகு வேண்டுவதில்லை. ஓநாய்களுக்குத் தப்பிய மான்கள் நீந்தி ஏறிய தீவு என்று பழைய நூலொன்று பெயர்க் காரணம் கூறுகின்றது. இடையிலிருந்த சிறு நீரோட்டத்தை 1938-இல் வீசிய பெரும்புயல் மணலால் அடைத்துவிட்டமையால், அது இப்பொழுது வின்த்ராப் என்னும் சிற்றூரோடு ஒட்டிக்கொண்டுள்ளது. வேறொரு நாள் பிற்பகல், மோட்டார் வண்டியிலேயே சென்றோம். தொலைவிலிருந்து முதலில் கண்ணில் படுவன, பூதாகாரமான முட்டைகள் போல் நிற்கும் பன்னிரண்டு வெள்ளைக் கலன்கள். பாஸ்டனும் சுற்றிலுமுள்ள ஊர்களுமாகச் சேர்ந்து 43 ஊர்களின் கழிவு நீர் அங்கே தூய்மை செய்யப்படுகின்றது. தூய்மையான நீரைக் கடலுக்கடியில் ஏறத்தாழ 15 கிலோமீட்டர் நீளமுள்ள சுரங்கத்தின் வழியே ஆழ்கடலில் விடுகின்றார்கள். 2000-ஆம் ஆண்டில் அச்சுரங்கம் திறந்தது. அந்நாட்டிலேயே மிக அழுக்கான துறைமுகம் என்று ஒரு காலத்தில் பெயரெடுத்த நீரில் இன்று பிள்ளைகள் குளிக்கின்றார்கள். கலன்களைச் சுற்றிக் கடலோரமாக நடைபாதை செல்கின்றது. மேலே வானூர்திகள் தாழப் பறந்து, எதிர்க்கரையிலுள்ள நிலையத்தில் இறங்கிக்கொண்டேயிருந்தன.

17-ஆம் நூற்றாண்டில் அம்மாநிலத்தை ஆண்டவர்கள் தூயநெறியாளர் எனப்பட்ட கண்டிப்பான சீர்திருத்த சபையினர். அவர்களுள் ஜான் எலியட் என்னும் போதகர் தொல்குடி மக்களின் மொழியைக் கற்று, அவர்களிடையே கிறிஸ்துவை அறிவித்தார். முழு விவிலியத்தையும் அம்மொழியில் பெயர்த்து 1663-இல் அச்சிட்டார். அமெரிக்கக் கண்டத்தில் அச்சேறிய முதல் முழு விவிலியம் அதுவே. ஆங்கிலத்தில் அன்று, அம்மண்ணின் மொழியில்! அச்சுக்கோத்தவர்களுள் ஒருவர் தொல்குடியைச் சேர்ந்த ஜேம்ஸ் என்னும் இளைஞர். தொழிலையே பெயராகக் கொண்டு அச்சாளர் ஜேம்ஸ் என்று வழங்கப்பட்டவர். (அண்ட்ரிக் அடிகளாரின் தம்பிரான் வணக்கம் 1578-இல் கொல்லத்தில் தமிழில் அச்சேறியதை அறிந்த நம் வாசகர்களுக்கு இச்செய்தியின் அருமை விளங்கும்.) எலியட் நம் திருச்சபையைச் சேர்ந்தவரல்லர். ஆயினும் பிறர் மொழியைக் கற்று நற்செய்தி சொன்ன எவரையும் நாம் மதிப்போடு நினைக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

மனந்திரும்பிய தொல்குடியினர் தனி ஊர்களில் குடியமர்ந்தனர். அவை செப ஊர்கள் எனப்பட்டன. 1675-இல் மெட்டகாம் என்னும் தொல்குடித் தலைவருக்கும் குடியேறிய ஆங்கிலேயருக்கும் போர் மூண்டது. செப ஊரினருள் பெரும்பாலோர் மெட்டகாமோடு சேரவில்லை. ஆங்கிலேயர் பக்கமே சாய்ந்திருந்தனர். ஆனால் பாஸ்டன் மக்களுக்கு, நிறமும் முகமும் ஒன்றாயிருந்தால் உள்ளமும் ஒன்றாகவே இருக்கும் என்ற ஐயம். அக்டோபர் மாத இறுதியில் நேட்டிக் என்னும் செப ஊரின் மக்கள் தம் இல்லங்களை விட்டு ஆற்றங்கரைக்குக் கொண்டுவரப்பட்டு, நள்ளிரவில் நீரேற்றத்தில் மூன்று படகுகளில் ஏற்றப்பட்டு, மான் தீவில் இறக்கப்பட்டனர். பிற ஊரினரும் பின்தொடர்ந்தனர். ஏறத்தாழ 500 பேர். வீடில்லை, போதிய விறகில்லை, விளைந்த சோளத்தை ஊரிலேயே விட்டுவந்தமையால் உணவில்லை. அந்நாட்டுக் குளிரோ, கடலின் ஓரம் உறையும் குளிர். கரையில் கிடைத்த சிப்பிகளைத் தின்று பிழைத்தனர். டிசம்பரில் எலியட்டும், அவர்களுக்கு மேற்பார்வையாளராயிருந்த டேனியல் கூக்கின் என்பவரும் சென்று பார்த்தனர். அவர்கள் முறுமுறுக்கவில்லை என்று கூக்கின் எழுதி வைத்துள்ளார். அவர்களுக்காகப் பரிந்து பேசிய குற்றத்துக்கு அவர் அடுத்த தேர்தலில் தோற்றார். வசந்தம் வருவதற்குள் தீவிலிருந்தவர்களுள் பாதிப்பேரோ அதற்கு மேற்பட்டோரோ மாண்டுவிட்டனர்.

வாரன் கோட்டையின் கணப்பு அடுப்பு இவ்விடத்தில் நம் நினைவுக்கு வந்தது. எதிர்த்துப் போரிட்டவருக்கு அடுப்பும் நாளிதழும். கூடச் செபித்தவர்களுக்குச் சிப்பியும் பனியும். 190 ஆண்டுகள் இடைவெளி உண்டு என்பது உண்மையே. காலம் மாறியது காரணமாயிருக்கலாம். முகம் மாறியதும் காரணமாயிருக்கலாம். தொல்குடியினர் பாஸ்டன் நகருக்குள் காலடி வைத்தால் சிறைப்படுத்த வேண்டும் என்று 1675-இல் இயற்றிய சட்டம், முறைப்படி நீக்கப்பட்டது 2005-ஆம் ஆண்டில்தான்.

அதே தூயநெறியாளரின் மன்றம் 1647-இல் மற்றொரு சட்டம் செய்திருந்தது. சேசு சபைக் குரு எவரும் அம்மாநிலத்துள் நுழையலாகாது. விரட்டப்பட்ட பின்னும் திரும்பி வந்தால் மரண தண்டனை. அதற்குச் சரியாக 200 ஆண்டுகள் கழித்து, 1847-இல், கத்தோலிக்கர் அலையலையாக வந்திறங்கினர். அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிரை நோய் அழித்துப் பெரும்பஞ்சம் தலைவிரித்தாடிய காலம் அது. அவ்வோராண்டில் மட்டும் சுமார் 37,000 பேர் பாஸ்டனுக்கு வந்தனர் என்பர். சரக்குக் கப்பலின் அடித்தட்டில், காற்றும் நல்ல நீருமின்றி வாரக்கணக்கில் கிடந்து வந்தவர்களைப் பேன்களால் பரவும் விடக்காய்ச்சல் பற்றியிருந்தது. நகரம் அஞ்சியது. நோயுற்றோரை நகருக்குள் விடாமல் மான் தீவில் இறக்கி, அங்கே மருத்துவ விடுதி ஒன்றை அமைத்தது. அஞ்சியதில் தவறில்லை, தொற்று நோய்க்கு ஒதுக்கி வைத்தலைத் தவிர வேறு மருந்து அன்று இல்லை. 2020-ஆம் ஆண்டில் நாமும் கோவில் கதவுகளை அடைத்தவர்களே. சில ஆண்டுகளில் 4,800-க்கு மேற்பட்டோர் அவ்விடுதிக்கு வந்தனர். அவர்களுள் 700-க்கு மேற்பட்டோர் அங்கேயே இறந்து, கல்லின்றிப் புதைக்கப்பட்டனர். கடல் கடந்து வந்தும், கண்ணுக்கெதிரே தெரிந்த நகரில் கால் வைக்காமலே போனார்கள்.

அவர்களுக்காக 2019-இல் நாட்டிய அயர்லாந்து மரபுக் கற்சிலுவை ஒன்று, வட்டம் சூழ்ந்த குறுக்குச் சட்டத்தோடு, துறைமுகத்தை நோக்கியவாறு நிற்கின்றது. அதன் முன் நின்றபோது நம் பாட்டனார் நினைவு வந்தது. 1930-களில் தேயிலைத் தோட்ட வேலைக்காக இலங்கை சென்றவர் அவர். கப்பலேறுமுன் மண்டபம் முகாமில் சில நாள்கள் தடுத்து வைத்து, நோய் உண்டா என்று பார்த்த பின்பே அனுப்பினார்களாம். துணிமணிகளையெல்லாம் வாங்கி ஆவியில் வேகவைத்துத் திருப்பிக் கொடுத்ததையும், அத்துணியின் நாற்றம் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்த பின்னும் போகாததையும் முதுமையில் நமக்குச் சொல்லியிருக்கின்றார். காய்ச்சல் கண்ட ஒருவரை அடுத்த வரிசைக்கு அழைத்துப் போனார்கள். அவரை மறுபடி பார்க்கவில்லை. அம்மனிதரின் ஊர் எது என்று கேட்டு வைத்துக்கொள்ளவில்லையே என்பது பாட்டனாரின் தீராத மனக்குறை.

நாம் கூறிய வரலாற்றைக் கேட்டுவந்த மூதாட்டி சிலுவையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு கேட்டார்: “சாமி, இவுங்களுக்கெல்லாம் அவஸ்தை பூசியிருப்பாங்களா?”

குருமடத்தில் படித்த இறையியல் முழுவதும் அக்கேள்வியின் முன் ஓரமாய் நின்றுகொண்டது. இறைவனின் இரக்கம் எண்ணெய்ச் சிமிழுக்குள் அடங்குவதன்று என்று கூறினோம். அவர் தலையசைத்தாரே தவிர, விடை போதவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. செபமாலை எடுத்துக் கடற்காற்றில் ஐந்து பத்துமணிகளும் சொல்லி முடித்தோம். மகன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். கழிவு நீர் நிலையத்துத் தொழிலாளர் ஒருவர் நடந்து வந்தவர், நாம் முடிக்கும் வரை தொலைவிலேயே நின்று, பின்பு கடந்து சென்றார்.

வண்டிக்குத் திரும்புகையில் மூதாட்டி முந்தானை முடிச்சை அவிழ்த்து ஐந்து டாலர் தாள் ஒன்றை எடுத்தார். “ஒரு பூசை வையுங்க, சாமி. அந்தக் கப்பல்ல வந்தவுங்களுக்கு.”

“வைக்கிறோம், அம்மா.”

சற்று நடந்தபின் நின்றார். “அதுக்கு முந்திச் செத்தாங்களே, சிப்பி தின்னவுங்க, அவுங்க பிற சபைக்காரங்கதானே?”

ஆம் என்றோம்.

“பரவாயில்லை. சேத்தே வையுங்க. பசியில செத்தவுங்க.”

மறுநாள் பங்கு அலுவலகத்தில் திருப்பலிக் கருத்துக் குறிக்கும் பேரேட்டைப் புரட்டிய பெண்மணி, இறந்தவர் பெயர் என்ன என்று கேட்டார். மான் தீவில் இறந்தோர், 1675-உம் 1847-உம் என்று சொன்னோம். அவர் எழுதுகோலை நிறுத்தி நம்மை ஒருமுறை பார்த்தார். கருத்து ஒன்றா இரண்டா என்று வினவினார். ஒன்று என்றோம். புதன்கிழமை காலை ஏழு மணித் திருப்பலிக்கு இடம் கிடைத்தது.

அத்திருப்பலிக்கு வழக்கம்போல் பத்துப் பன்னிரண்டு பேர் வந்திருந்தனர், பெரும்பாலோர் முதியவர். மூதாட்டியும் மருமகளோடு வந்து முன்வரிசையில் அமர்ந்திருந்தார். கருத்தை வாசித்தபோது இரண்டொருவர் நிமிர்ந்து பார்த்தனர். முடிந்ததும் எண்பது வயதை நெருங்கிய ஒரு பெரியவர் சக்ரீஸ்துக்குள் வந்தார். தம் முன்னோர் அப்பஞ்சத்தில் கப்பலேறியவர்கள் என்றும், 1847-ஐப் பற்றித் தம் பாட்டி சொல்லக் கேட்டிருப்பதாகவும் கூறினார். அதைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. மற்றோர் ஆண்டைக் குறிப்பிட்டீர்களே, அது யார், என்றுதான் கேட்டார். பிறந்தது முதல் அந்நகரிலேயே வாழ்பவர். நாம் பூசை உடைகளைக் களைந்தவாறே சொல்லச் சொல்ல, நின்றபடியே கேட்டார். பின்பு சட்டைப் பையிலிருந்த பங்கு மடலை எடுத்து, மேசை மேலிருந்த பென்சிலால் அதன் பின்புறத்தில் 1675 என்று எழுதி, நேட்டிக் என்பதற்கு எழுத்துக் கூட்டச் சொல்லிக் கேட்டு, அதையும் எழுதிக்கொண்டார்.